அரிதாரமும் கிட்டாரும்



நம் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எழுத்தையும் உச்சரிப்பையும் பற்றியவையாக இருக்கும். சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் வேறொன்று கேட்டார். "அண்ணா, பையன் தன் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டி வைத்திருக்கிறான். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, நாக்கை நீட்டிக்கொண்டு ஒருவன். அவர்கள் பாட்டைக் கேட்டால் எனக்குத் தலை வலிக்கிறது. இவனுக்கு அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுதி. பிள்ளை கைவிட்டுப் போகிறானோ என்ற அச்சம்.

இது அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மில் பலருடைய கேள்வி என்பதால் இம்மாதப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த இசை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. முகத்தில் சாயம் பூசி, வேஷம் கட்டி, காது அதிரப் பாடும் ஓர் இசை மனிதரை ஏன் இழுக்கிறது? விடை தேட முதலில் நியூயார்க்குக்குப் போவோம். பிறகு நான் பிறந்து வளர்ந்த காணிப்பாக்கத்துப் பக்கம் போவோம். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே விடைதான் கிடைக்கிறது.

படத்தில் இருப்பவர் யார்?

படத்தில் இருப்பது 'கிஸ்' என்னும் ராக் இசைக் குழு. 1973இல் நியூயார்க்கில் நான்கு இளைஞர்கள் தொடங்கியது. நால்வரும் ஆளுக்கொரு முகம் வரைந்துகொண்டனர்: ஒருவர் அசுரன், ஒருவர் கண்ணில் நட்சத்திரம் தீட்டியவர், ஒருவர் விண்வெளி மனிதன், ஒருவர் பூனை. உயரமான அடித்தட்டு வைத்த பூட்ஸ், தோல் கவசம், புகை, வாணவெடி. அசுரன் வேஷக்காரர் வாயிலிருந்து செயற்கை இரத்தம் ஒழுகவிடுவார், தீயும் கக்குவார்.

இவர்களுடைய முதல் மூன்று இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1975இல் மேடைப் பாடல்களைக் கூட்டத்தின் ஆரவாரத்தோடு 'அலைவ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. பாட்டு மட்டும் போதவில்லை, பாட்டும் வேஷமும் கூட்டமும் சேர்ந்தபோதுதான் அது பிடித்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

வேஷம் கட்டி ராக் பாடியவர்களில் இவர்கள் முதல்வருமல்லர், கடைசியுமல்லர். இங்கிலாந்தில் ஆர்தர் பிரவுன் 1968இலேயே தலையில் எரியும் மகுடம் தரித்துப் பாடினார். அமெரிக்காவில் ஆலிஸ் கூப்பர் மேடையில் தன் தலையையே வெட்டிக்கொள்வதுபோல் நடித்துக் காட்டினார். 1995இல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய 'ஸ்லிப்நாட்' குழுவினர் முகமூடி அணிந்தனர். 2006இல் ஐரோப்பாவின் 'யூரோவிஷன்' பாட்டுப் போட்டியில் பூத வேஷம் போட்ட பின்லாந்துக் குழுவான 'லோர்டி' வெற்றி பெற்றது.

சாயத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்றும் பார்ப்போம். நாக்கை நீட்டும் அசுரன் ஜீன் சிம்மன்ஸ். 1949இல் இஸ்ரேல் நாட்டு ஹைஃபாவில் ஹயீம் விட்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர். ஹங்கேரியில் பிறந்த அவர் தாய், நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். எட்டு வயதில் தாயோடு நியூயார்க் வந்தபோது சிறுவனுக்கு ஆங்கிலம் தெரியாது. தொலைக்காட்சியிலும் படக்கதைப் புத்தகங்களிலும் மொழியைக் கற்றார். பெயரையும் மாற்றிக்கொண்டார்.

நட்சத்திர முகத்துக்காரர் பால் ஸ்டான்லி, வலது காது உருப்பெறாமல் பிறந்தவர். அந்தக் காது கேட்காது. சிறுவயதில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததையும், தலைமுடியை வளர்த்துக் காதை மறைத்ததையும் 2014இல் வெளியான தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

புதிய நாட்டில் வாயில் நுழையாத பெயரோடு வந்த ஒரு பையன், ஊரார் உற்றுப் பார்க்கும் காதோடு வளர்ந்த ஒரு பையன். பிறர் தங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்ய அவர்களுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பள்ளியில் பெயரைச் சுருக்கிக்கொண்டு, மதிய உணவு டப்பாவைத் திறக்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமானதா? சற்றே யோசித்துப் பாருங்கள்.

காணிப்பாக்கத்துப் பக்கம்

காணிப்பாக்கம் சித்தூருக்கு அருகே பாகுதா நதிக்கரையில் உள்ள ஊர். சுயம்புவான வரசித்தி விநாயகர் கோயிலால் உலகறிந்தது. செவிடர், ஊமை, குருடர் ஆகிய மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டியபோது பிள்ளையார் வெளிப்பட்டார் என்றும், மூவர் குறையும் அக்கணமே நீங்கியது என்றும் தலபுராணம் சொல்லும். விநாயக சதுர்த்தி தொடங்கி 21 நாள் பிரம்மோற்சவம். சாமியே நாளுக்கொரு அலங்காரமும் வாகனமுமாக வீதிக்கு வருவார்.

எங்கள் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்த சீமை. பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1960இல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாங்கள் ஆந்திரத்தில் நின்றோம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறினாலும், கோடை வந்தால் தர்மராஜா கோயில்களில் பாரதம் நடப்பது மாறவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் என்போம். எங்கள் பக்கம் தர்மராஜா கோயில். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. தெலுங்கில் இதை வீதி நாடகம் என்பார்கள். கதை ஒன்று, கட்டும் வேஷமும் ஒன்று, பேசும் மொழிதான் இரண்டு.

சிறுவயதில் பல இரவுகள் கோணிப்பை விரித்துக் கூத்துப் பார்த்தவன் நான். அங்கே ஒரு பாத்திரம் மேடைக்கு வரும் விதத்தைச் சொல்கிறேன். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். பின்னாலிருந்து சலங்கை ஒலிக்கும். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். முகவீணை உச்சத்தில் வீறிடும், மத்தளம் அதிரும். கட்டியக்காரன் "வருவது யார்?" என்று கேட்பான். துரியோதனன் திரைக்குப் பின்னிருந்தே தன் பெருமையைப் பாடுவான். கூட்டம் பொறுமையிழந்து கழுத்தை நீட்டும் வேளையில் திரை விலகும். சிவந்த முகம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் கண்ணாடித் துண்டுகள் பதித்த பதக்கம், சுழன்றாடும் ஆட்டம். சிறுவர்களாகிய நாங்கள் அப்படியே பின்னால் சாய்வோம்.

இவற்றுக்கெல்லாம் முறையான பெயர்கள் உண்டு. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிய அணிகளைக் 'கட்டை' என்பார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரும் அதனால் வந்ததே. 'அரிதாரம்' என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம். அதை முகத்தில் பூசி ஆடியதால், பிறகு எல்லா முகப்பூச்சுக்கும் அதுவே பெயராயிற்று.

கிஸ் குழுவின் நிகழ்ச்சியும் இப்படித்தான் தொடங்கும். குழுவின் பெயர் எழுதிய பெரிய கறுப்புத் திரை தொங்கும். உலகிலேயே சிறந்த குழு வருகிறது என்று ஒரு குரல் கட்டியம் கூறும். பிறகு வெடிச்சத்தத்தோடு திரை விழும். இவர்கள் எங்கள் கூத்தைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. பெருங்கூட்டத்தின் மனத்தைப் பிடிக்க வேண்டிய கலைஞர் எந்த நாட்டவரானாலும் இந்த வழிக்கே வந்து சேர்கிறார் என்கிறேன்.

நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூன்று வகை எழினிகளை, அதாவது திரைகளை, சொல்கிறது. கடலாடு காதையில் வரும் பதினோராடலில் காமன் ஆடிய பேடியாடலும், கொற்றவை மரக்கால் கட்டி ஆடிய ஆடலும் உண்டு. உயரக் காலணி கட்டி ஆடுவது நமக்குப் புதிதன்று!

கங்கம்மா ஜாத்திரை

கூத்தில் வேஷம் கட்டுவோர் சிலர், பார்ப்போர் பலர். ஊரே வேஷம் கட்டுவதைக் காண வேண்டுமானால், மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயில் ஜாத்திரைக்குப் போக வேண்டும். கங்கம்மா திருமலை ஏழுமலையானின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. அண்ணன் வீட்டுச் சீர் ஆண்டுதோறும் மலையிலிருந்து வருகிறது.

கதை இதுதான். பெண்களைக் கெடுத்துவந்த ஒரு பாளையக்காரன் கங்கம்மாவிடமும் கை நீட்டினான். அவள் தன் பேருருவைக் காட்டவே ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷத்தில் வீதிவீதியாக அலைந்தாள். துரை வேஷத்தில் வந்தபோது, யாரோ பிரபு வருகிறார் என்றெண்ணி அவன் வெளியே வர, தலையை வெட்டினாள். இதன்படி பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி என்று வேஷங்கள் வரிசையாக நடக்கின்றன. அம்மனாக வேஷம் தரித்து வீதி வருபவர்கள் கைகாலா என்னும் குடும்பத்து ஆண்கள். ஊர் மக்களும் வேண்டுதலாக வேஷம் கட்டுவார்கள். பைராகிக்கு உடம்பெல்லாம் வெள்ளை, பண்ட வேஷத்துக்குக் குங்குமச் சிவப்பு, தோட்டிக்குக் கரி. பம்பையும் தப்பும் முழங்கும். அந்த நாட்களில் வேஷக்காரர் வாயில் வரும் வசவுச் சொற்களுக்கும் அனுமதி உண்டு. ஆண்கள் சேலை உடுத்துப் பூ வைத்துக் கோயிலுக்கு வருவார்கள். சிறு பையன்களுக்கும் பெண் வேஷம் போட்டுத் தாய்மார் தூக்கி வருவார்கள். யாரும் சிரிப்பதில்லை. மற்ற நாட்களில் மீசை முறுக்கித் திரியும் மனிதர், அன்றைக்கு ஒரு பெண்ணின் சினத்துக்கு முன் பெண்ணாகி நிற்கிறார்.

இழுப்பது எது?

இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டோம். கவர்ச்சிக்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, கடைசி வரிசை. ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் மனித முகம் ஒரு புள்ளி. தீவட்டி வெளிச்சத்தில் ஊர்க்கோடியில் நிற்பவருக்கும் தெரிவதற்காகவே கூத்தில் நிறமும் அளவும் பெரிதாயின. உரத்த ஒலிக்கும் அதுவே காரணம். பெரிய அரங்கில் பாடுவோரும் கடைசி வரிசைக்காரரை விட்டுவிட விரும்புவதில்லை. தாம் சிறியவர் என்று நினைப்போர்க்கு இது எவ்வளவு பெரிய மரியாதை!

இரண்டு, முகம் ஆளுக்குரியதன்று, பாத்திரத்துக்குரியது. இன்று ஒருவர் கட்டிய துரியோதனனை நாளை அவர் மகன் கட்டுவார். கிஸ் குழுவிலும் பழைய விண்வெளி மனிதரும் பூனையும் விலகியபின், வேறு இருவர் அதே முகங்களைத் தீட்டிக்கொண்டு ஆடினர். ரசிகர் பலர் முணுமுணுத்தனர். ஆனாலும் அரங்கு நிறைந்தது. ஆள் மாறினாலும் நிற்கும் முகத்தை ஒரு சிறுவன் தானும் வரைந்து பார்க்கலாம். தான் அதுவாகலாம் என்ற எண்ணமே பாதி இன்பம்.

மூன்று, அனுமதி. வெட்கம், சினம், ஆசை, அச்சம் எல்லாவற்றையும் அன்றாட வாழ்வில் அடக்கிக்கொண்டே நடக்கிறோம். வேஷம் கட்டியவருக்கு அவற்றை வெளியே விட உரிமை கிடைக்கிறது. பார்ப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று நாள் முழுதும் கவனமாக நடக்கும் பிள்ளைக்கு, கவனமே தேவைப்படாத இரண்டு மணி நேரம் சிறிய பொருளன்று.

நான்கு, எல்லை. இதுவே மிக முக்கியமானது. பொழுது விடிந்தால் கூத்து முடிந்தது. துரியோதனன் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துவிட்டுத் தேநீர் குடிப்பார். ஜாத்திரை முடிந்தால் வசவும் முடிந்தது. கூத்தாட்டு அவையில் கூட்டம் மெல்லச் சேர்ந்து சட்டெனக் கலைவதைச் செல்வத்துக்கு உவமையாகக் காட்டினார் வள்ளுவர். கலையும் என்று தெரிந்திருப்பதால்தான் அச்சமின்றிக் கூடுகிறோம்.

இந்த எல்லையைப் பெரியவர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். கிஸ் என்ற எழுத்துகளுக்குச் சாத்தானின் படை என்று பொருள் கற்பித்து ஒரு காலத்தில் அமெரிக்கப் பெற்றோர் அஞ்சினர். குழுவினர் அதை மறுத்தனர். 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு, பாடல் வரிகளைப் பற்றி விசாரணை நடத்தியது. முகச்சாயத்தோடு பாடிவந்த 'ட்விஸ்டட் சிஸ்டர்' குழுவின் டீ ஸ்னைடர் சாயமில்லாமல் வந்து சாட்சி சொன்னார். தான் மணமானவர், மூன்று வயது மகனுக்குத் தந்தை, புகையும் மதுவும் போதையும் தொடுவதில்லை என்றார். எங்கள் ஊர்த் துரியோதனனும் பகலில் ஏர் பிடித்தவர்தான்.

வேறுபாடும் உண்டு

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். ஜாத்திரையில் வேஷம் ஒரு நேர்த்திக்கடன், யாரும் கட்டலாம். ராக் மேடையில் வேஷம் ஒரு தொழில். கிஸ் குழு தன் முக வரைவுகளைச் சட்டப்படி பதிவு செய்து, பொம்மை முதல் படக்கதைப் புத்தகம் வரை விற்றது. 1983இல் சாயத்தைக் கலைத்தது. 1996இல் ரசிகர் ஆவலுக்கிணங்கி மீண்டும் பூசிக்கொண்டது. 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் கடைசி நிகழ்ச்சியை நடத்தி, அதன் முடிவிலேயே கணினியில் உருவாக்கிய தன் நிழலுருவங்களை அறிமுகம் செய்தது. 2024இல் பாடல்களோடு பெயரும் முகங்களும் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. அம்மனின் முகத்தை யார் விற்க முடியும்? இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

பெற்றோர் செய்யத் தக்கவை

படத்தைச் சுவரிலிருந்து கிழிக்க வேண்டாம். ஒரு பாட்டையாவது பிள்ளையோடு உட்கார்ந்து முழுதும் கேளுங்கள். வரிகளைப் படியுங்கள். குடியையும் பெண்களையும் பற்றி ஒவ்வாத வரிகள் சில பாடல்களில் உண்டு. அவற்றை ஒளிக்காமல், "இது உனக்குச் சரியாகப் படுகிறதா?" என்று கேளுங்கள்.

காதைக் காக்கக் கற்றுக்கொடுங்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது ஒலித்துறை அறிஞர் வகுத்த அளவு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே. ராக் நிகழ்ச்சிக்குப் போகும் பிள்ளைக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். பம்பைக்குப் பக்கத்தில் நிற்போர்க்கும் இது பொருந்தும்.

மூன்றாவதாக, ஊருக்குப் போகும்போது ஓர் இரவு கூத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் கூத்தை வளர்த்துவந்தனர். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990இல் கலைஞர்களோடு சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் கண்டனர். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றனர்.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. 'கூத்தாடி' என்பதை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். இரவெல்லாம் ஆடிப் பாடி ஊருக்குப் பாரதம் சொன்னவரையும், பறையும் பம்பையும் அடித்தவரையும் தாழ்த்திப் பேசியே படித்த குடும்பங்கள் கூத்தைக் கைவிட்டன. நம் பிள்ளைகள் கூத்தை அறியாமல் வளர்வதற்கு அயல்நாட்டு இசை காரணமன்று. நாம் வாங்கிக் கொடுக்காததை அவர்கள் வேறு கடையில் வாங்குகிறார்கள், அவ்வளவே. அவர்கள் பசி நம் பாட்டன் பாட்டிக்கு இருந்த அதே பசி. 'வேஷம் கட்டுவது' என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர நம்மிடம் சொற்களும் கதைகளும் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

வீட்டில் கலந்து பேச

1. உனக்குப் பிடித்த பாடகர் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பாடினால் அதே இன்பம் இருக்குமா? ஏன்?

2. அரிதாரம், சலங்கை, கிரீடம், புஜகீர்த்தி, எழினி, கட்டியம்: இச்சொற்களைக் கொண்டு நீ பார்த்த ஓர் இசை நிகழ்ச்சியைத் தமிழில் விவரி.

3. உனக்கென ஒரு முகம் வரைவதானால் எந்த நிறம், எந்த உருவம்? அதைக் காட்டி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் பார்த்த வேஷம் ஒன்றைக் கேட்டு எழுதி வா.